கையுறைமேல் ஆந்தை

அமெரிக்க மாவட்டத் திருவிழா ஒன்றின் தகரக் கொட்டகைக்குள் பிற்பகல் வெயில் வைக்கோல் தூசியோடு சாய்கிறது. இயற்கை மையத்தின் மேசையில் மான்கொம்பும் நரித்தோலும் கிடக்க, பின்னே மார்லிஸ், தடித்த தோல் கையுறையின்மேல் விளக்கேந்துவதுபோல் ஆந்தையை ஏந்தி நிற்கிறாள். காரில் அடிபட்டு ஒரு சிறகை இழந்த பறவை அது. காட்டுப் பறவைகளை வைத்திருக்க மையத்துக்கு உரிமம் உள்ளவரையே அதற்கு வாழ்வு. அம்மையத்தை மூடுவதற்கு ஆதரவாகக் கடந்த செவ்வாயன்று மாவட்ட மன்றத்தில் கை உயர்த்திய உறுப்பினர் க்ரூகர், பொரித்த பாலாடைக்கட்டியை மென்றபடி வந்து நிற்கிறார்.

“என்ன மார்லிஸ், இன்னும் எம்மேல கோவமா?”

“கோவப்பட நேரமில்லீங்க. இதுக்கு இடம் தேடிட்டிருக்கேன். கெடைக்கலைன்னா டாக்டர் ஊசி போட்டுக் கொன்னுருவாரு.”

“அட, இவ்ளோ அழகா இருக்கு, யாராவது எடுத்துக்குவாங்க. ஒரு படம் எடுத்துக்கட்டுமா? வீட்டுக்காரிக்கு ஆந்தைன்னா உசுரு.”

மின்விசிறிக் காற்றில் ஆந்தையின் மார்பிறகுகள் அலைந்து அடங்குகின்றன. க்ரூகர் விரலிலுள்ள எண்ணெயைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வருகிறார். வருவோர் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொற்கள், அவளையும் மீறி அவள் நாவில் எழுகின்றன.

“மெதுவா வாங்க. அது பயந்துரும்.”

ஓர் இறகுக்கும் தீங்கு நினையாதவர்போல், அவர் நுனிக்காலில் வருகிறார்.