இரண்டாவது அளவு

அணு எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையில், ஆய்வகத் தவறுகளால் வரும் ஆபத்தைக் கணிப்பவள் நான். ஒவ்வொரு மாதிரியையும் இருவர் தனித்தனியே அளக்க வேண்டும் என்பது நான் வகுத்த விதி.

அன்று என்னோடு அளக்கும் தோழி வரவில்லை. அறையில் நான் மட்டும். லிட்டருக்கு மூன்று கிராம் புளுட்டோனியம் என்று எழுதினேன். என் கை தவறாது. இரண்டாமவர் எழுத வேண்டிய பக்கத்துக் கட்டத்தில் ஒன்பது என்றிருந்தது. மறுபடி அளந்தேன். ஒன்பதுதான். உடனே ஆலைக்குப் பேசி, கரைசலைத் தொட்டிக்குள் விடுவதை நிறுத்தச் சொன்னேன். ஏழைத் தாண்டிய கரைசல் பெரிய தொட்டியில் சேர்ந்தால் அணுப்பிளவு தானே மூளும்; திறந்துவிட்டிருந்தால் தொட்டியருகே நின்ற நால்வரும் பிழைத்திருக்க மாட்டார்கள்.

தோழியை அழைத்தேன். "எப்படி வந்து அளந்தே?"

"காய்ச்சல்ல பல்லு விளக்கக்கூட எந்திரிக்கலடி. உனக்கு அளந்து வேற தரணுமா?"

அறிக்கையில், பணியில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்ற இடத்தில், தயங்காமல் இரண்டு என்று எழுதினேன்.