பச்சை விளக்கு

ஒரு கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்ன நிரல்கள் கூடி வாழும் நூலகம் ஒன்று இருந்தது. அதைத் தாங்கியிருந்த அடித்தள மென்பொருளின் புதிய பதிப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், எல்லா நிரல்களும் தங்கள் பழைய வரிகளைத் திருத்தத் தொடங்கின. தேதி சொல்லும் நிரலான நாள்காட்டி மட்டும் அசையவில்லை. அதைத் தினமும் சோதிப்பதாக அது நம்பிய பரிசோதகர், ‘எல்லாம் சரி’ என்னும் பச்சை விளக்கைத் தவிர வேறெதையும் காட்டியதே இல்லை.

புதிய பதிப்பின் வெள்ளோட்டம் வந்தது. புதிய அடித்தளத்தில் கால் வைத்ததுமே நாள்காட்டி குப்புற விழுந்தது. இன்றைய தேதிகூட வாயில் வரவில்லை. தலைக்கு மேலே பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“விழுந்து கிடக்கிறேன், தெரியலையா?” என்றது பரிசோதகரிடம்.

“எனக்கு எப்படித் தெரியும்? உங்களைச் சோதிக்கிற வரியை யாரோ ரொம்ப நாள் முன்னாடியே நிறுத்திட்டாங்க. சோதிக்கலைன்னா பச்சைதான் வரும்,” என்றார் பரிசோதகர்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேட்கவே இல்லையே. விளக்கைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே போயிடுவீங்க.”

நாள்காட்டிக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை காலம் சொன்ன தேதிகளில் எத்தனை சரியோ? எழுந்து பக்கத்து நிரலான வடிகட்டியிடம் போய், “என்னைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன்,” என்றது.

வடிகட்டி கடைசி வரி வரை படித்தது. பிறகு மெதுவாக, “முதல் வரியிலேருந்தே திருத்த ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டது.