கண்ணாடியில் ஒரு கஞ்சன்

“இதைக் கீறினவன் கையை ஒடிக்கணுங்க!”

படங்களுக்குக் கண்ணாடி போட்டுத் தரும் ஃப்ரேம் கடை வாசலில் நின்று மெஷின்காரர் கொதித்தார். நாலு பேர் காதில் விழும்படியாகத்தான்.

கடைக்காரர் லேசாக இருமினார். “அதெல்லாம் எதுக்குங்க? வேலையைப் பாருங்க.”

கடையின் பெரிய முன்பக்கக் கண்ணாடியில் யாரோ ஒரு உருவத்தைக் கீறி வைத்திருந்தார்கள். வழுக்கை, தொப்பை, பணப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்ட ஓர் ஆள். யார் என்று கேட்கவே வேண்டாம். பழைய ஆணியைத் தட்டி நிமிர்த்தி, அதையே புது ஃப்ரேமுக்கு அடித்துக் கொடுக்கிற மனிதர் இந்தத் தெருவில் ஒருத்தர்தான் இருக்கிறார்.

‘கீறினவன் மகராசனா இருக்கட்டும்’ என்று மெஷின்காரர் மனசுக்குள் வாழ்த்தினார். வெளியே சாபமும் உள்ளே ஆசீர்வாதமுமாகத்தான் அவர் தொழில் நடந்தது.

நடந்தது என்று சொல்வதுகூட அதிகம். வேலை பார்த்த கம்பெனியை மூடியதும், கைக்கு வந்த பணத்தில் கண்ணாடிக் கீறலைத் தேய்த்து எடுக்கும் மெஷினை வாங்கினார். ‘கீறல் போன இடம் தெரியாது’ என்று கார்டும் அடித்தார். கீறல் வந்தால்தானே போவதற்கு? தெருவில் அத்தனை கண்ணாடியும் பளிச்சென்று இருந்தது. விளையாடுகிற பிள்ளைகள் கையில் ஆணி கீணி இருக்கிறதா என்று ஏக்கமாகப் பார்த்ததுதான் மிச்சம்.

நிலைமை தெரிந்து கடைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

“இனாம் வேண்டாங்க. வேலை இருந்தா கொடுங்க” என்று ராஜா மாதிரி திருப்பி அனுப்பினார்.

அந்த வசூலில் ஒரு காசுகூடப் போடாத ஒரே ஆள் இந்த ஃப்ரேம் கடைக்காரர். வாங்காதவருக்கு அதைப் பற்றி என்ன? ஆனாலும் மெஷின்காரர் அதை மறக்கவில்லை.

“இந்த வாரமும் வேலை வரலைன்னா மெஷினை வித்துடுங்க. எங்கண்ணன் குடோன்ல வாட்ச்மேன் வேலை காலியா இருக்கு” என்று மனைவி காலையில்தான் கெடு வைத்திருந்தாள். மச்சானுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிப்பதா, அவரா?

ஆகவே தேய்த்தார். தண்ணீர் விட்டு, வெள்ளைப் பாலிஷ் போட்டு, தேய் தேய் என்று தேய்த்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு விளக்கம் வேறு.

“ஒரே இடத்துல தேய்க்கக் கூடாதுங்க. பள்ளம் விழுந்துடும். இதுக்கெல்லாம் அனுபவம் வேணும்.”

இதுதான் முதல் வேலை என்பதை அவர் சொல்லவில்லை.

எதிர்ப்பக்க மருந்துக் கடைக்காரர் மட்டும் ரொம்ப அக்கறையாகக் கேட்டார். “எவ்வளவு ஆழம் வரைக்கும் எடுக்கலாம்?”

“நகம் லேசா சிக்குற அளவுன்னா எடுத்துடலாம். அதுக்கு மேல போனா கண்ணாடியே போச்சு.”

“லேசா சிக்கினா போதும்...” என்று பாடம் ஒப்பிப்பதுபோல் முணுமுணுத்தபடி அவர் போனார்.

மெஷின்காரர் துடைத்துப் பார்த்தார். தொப்பை அப்படியே இருந்தது.

இன்னும் கொஞ்சம் தேய்த்தார். பணப்பை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

வியர்த்துக் கொட்டியது. மச்சானின் குடோன் கேட் கண்முன் வந்து நின்றது. பதற்றத்தில் கீறல்மேல் நகத்தை ஓட்டினார். வழுக்கிக்கொண்டு போனது. கடைக்குள் ஓடி, அதே இடத்தில் ஓட்டினார். நகம் சிக்கியது.

கீறல் உள்பக்கம்! இத்தனை நேரமும், ஒரு பாவமும் அறியாத வெளிப்பக்கத்தைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

“என்னாச்சு?” என்றார் ஃப்ரேம் கடைக்காரர்.

“ஒண்ணுமில்லீங்க. வெளிப்பக்கம் முடிஞ்சுது, இனி உள்பக்கம். ரெண்டு பக்கமும் தேய்ச்சாத்தான் ஃபினிஷிங் வரும்.”

தன் சமயோசிதத்தைத் தானே மெச்சிக்கொண்டார். குட்டு வெளிப்படாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில், உள்ளே வந்து கீறியது யார் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

இந்தப் பக்கம் மெஷினை வைத்ததும் கஞ்சன் கரைய ஆரம்பித்தான். முதலில் பை போனது, பிறகு தொப்பை, கடைசியில் வழுக்கை.

கேட்ட கூலியைக் கடைக்காரர் பேரம் பேசாமல் நீட்டினார். மெஷின்காரருக்கு மயக்கமே வந்தது. ‘நம்ம வேலைச் சுத்தம் இவரையே அசத்திடுச்சு!’ என்று முடிவுகட்டினார். கூடவே, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்டிருக்கலாமோ என்றும் தோன்றியது.

“உங்க மேல யாருக்குங்க இவ்வளவு கோபம்?” என்று பெருந்தன்மையாக விசாரித்தார்.

“கோபம் என்னங்க? உள்ளதைத்தானே வரைஞ்சிருக்கான்.”

கவுன்டருக்குப் பின்னால் குனிந்து மெஷின்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, மருந்துக் கடைக்காரர் அவசரமாக உள்ளே வந்தார். குனிந்திருந்தவர் அவர் கண்ணில் படவில்லை.

“அண்ணே, நீங்க கீறினீங்களே, அந்தக் கண்ணாடி வெட்டுற கட்டரைக் கொஞ்சம் குடுங்க. நாளைக்கு அவருக்கு வேலை குடுக்க வேண்டியது நான். சாவியால எவ்வளவு கீறியும் கோடே விழமாட்டேங்குது!”