உண்ணத் தகுந்த கிரீஸ்

பொற்காலம் பிறந்துவிட்டதாக நீர்நில ஊர்திக் கழகம் அறிவித்தது. நீரிலும் நிலத்திலும் ஓடும் மீட்பு வண்டிகளுக்கு இனி வெள்ளத்தை மாசுபடுத்தாத, மனிதர் உண்ணத் தகுந்த கிரீஸ்! தலைவர் மேடையிலேயே ஒரு கரண்டி தின்று காட்டினார்.

கடைகளில் சமையல் எண்ணெய் கண்ணில் படாத காலம். அச்சு பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைக்கும் எபநேசர், டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஏய்யா, வண்டிக்கு வெச்சியா?" என்றாள் மனைவி வயலட்.

"லேசா தடவியிருக்கேன். அது என்ன, பசிக்குதுன்னு அழவா போவுது? நீ தோசைய ஊத்து."

ஐப்பசி வெள்ளத்தில் அதே வண்டிதான் வந்தது. வயலட்டையும் பிள்ளைகளையும் அவனே ஏற்றிவிட்டான். நடு ஆற்றில் அச்சு இறுகி நின்ற வண்டியை வெள்ளம் புரட்டியது.

கழகம் விசாரணை நடத்தியது. ஆற்று நீர் மாசுபடவில்லை.