மேகத்துக்குள் சொன்னது

1946 ஆடி மாதம் தேவாரம் மலையில், மேகத்துக்குள் சிக்கிய சின்ன விமானம் ஒன்று விழுந்தது. மெக்கானிக் ராக்கையா இறந்துபோனார். பைலட் அழகுமலை ஒரு காலை இழந்து பிழைத்தார். சாய்வு காட்டும் கருவியின் பழுதை மெக்கானிக் சரிசெய்யவில்லை என்று விசாரணை முடிந்தது.

ஊன்றுகோலோடு அல்லிநகரத்தில் ராக்கையாவின் வீட்டுக்கு வந்த அழகுமலையைக் கண்டதும் இறந்தவரின் மனைவி மாயக்காள் கும்பிட்டு அழுதாள்.

"அவுகளாலதான் உங்க காலு போச்சுன்னு ஊரே ஏசுது. அவுகள மன்னிச்சிருங்கய்யா."

கும்பிட்ட கையை அழகுமலை இறக்கிவிட்டார்.

"கருவி சரியாத்தான் இருந்துச்சு தாயி. 'சாயுறோம், கருவி முள்ள நம்புங்க'ன்னு அவரு கத்துனாரு. மேகத்துக்குள்ள எனக்கு நேராப் போற மாதிரியே இருந்துச்சு. நான் நம்பல. பழுதுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

மாயக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை அகலத் திறந்தாள்.

"இதத் தெருவுல வந்து சொல்லுங்க."