வாசல்வரை வந்த துணை

வாக்கியம் என்னும் வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால், சமஸ்கிருதப் பெயர்ச்சொற்கள் ஒரு விகுதியைத் துணைக்குக் கூட்டிவர வேண்டும். ‘தேவ’ என்ற சொல், ‘ஸ்’ என்ற விகுதியைக் கைபிடித்து அழைத்து வந்திருந்தான். காற்று என்று பொருள்படும் ‘மருத்’ மட்டும் உள்ளே தனியாக நின்றான்.

“உன் துணை எங்கே?” என்று தேவ கேட்டான்.

“எனக்கென்று யார் வந்தார்கள்? நானாகத்தான் நுழைந்தேன்” என்றான் மருத், வீம்பாக.

வாக்கியம் முடிவதைக் காட்டும் நிறுத்தக்கோடுதான் வாசல் காவலர். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“துணையில்லாத சொல்லுக்கு நான் என்றைக்கடா கதவைத் திறந்தேன்? உன்னோடும் ஒரு ஸ் வந்தான். நீயும் மெய்யில் முடிகிறவன், அவனும் மெய். சொல்லின் கடைசிப் படியில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்க இடமில்லை. உன் ‘த்’தைக் கழற்றிவிடலாமா என்று அவனிடம் கேட்டேன். ‘வேண்டாம் ஐயா, அவன் பெயரே கெட்டுவிடும்’ என்று சொல்லி ஸ் தானே இறங்கிப் போய்விட்டான்.”

மருத் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகும் பலர் அவனிடம், “தனியாகவா வந்தாய்?” என்று கேட்டதுண்டு. அப்போதெல்லாம் அவன் சற்றே நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு, “இல்லை, நாங்கள் இரண்டு பேர்” என்பான்.