இரண்டாவது நடுவர்

கோரலியின் அறை வாசலில் டெஸ்மண்ட் வந்து நின்றபோது மதியம் மூன்று மணி. இஸ்திரி போட்ட சட்டை. கையில் நாடா போட்டுக் கட்டிய ஒரு கடிதக் கட்டு. இருபத்துமூன்று வருஷத்துக் கடிதங்கள், அத்தனையும் அவருக்கு மனப்பாடம்.

அறுபத்தேழு வயசில் இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு படபடப்பு தேவையா? ஆனால் இன்றைக்கு விட்டால் வேறு நாள் கிடையாது. ஹோபார்ட் பல்கலைக்கழகத்தின் வானியல் துறையில் கோரலிக்கு இன்றோடு வேலை முடிகிறது. நாளைக் காலை விமானம் ஏறி, பெர்த்தில் தங்கை வீட்டோடு போய் இருந்துவிடப் போகிறார்.

"வாங்க டெஸ்மண்ட். நாற்காலியெல்லாம் போயாச்சு, அந்தப் பெட்டி மேலயே உட்காருங்க." பிரிவுபசாரக் கேக்கின் தேங்காய்த்தூள் கோரலியின் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. "உங்க நட்சத்திரம் எப்படி இருக்கு? இன்னும் மங்கிட்டேதான் இருக்கா?"

டெஸ்மண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மங்கவில்லை, வருஷத்துக்கு வருஷம் பிரகாசமாகிறது என்று நிரூபிக்கத்தானே அவர் ஆயுசில் பாதி போயிற்று! வேண்டுமென்றே சீண்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

கட்டை நீட்டினார். "இதெல்லாம் நீங்க எழுதினதுதான்னு எனக்குத் தெரியும்."

கோரலி நாடாவை அவிழ்த்து முதல் தாளைப் பார்த்தார். 'கட்டுரை ஆசிரியருக்குக் கூட்டல் கழித்தலாவது தெரியுமா?' என்று அது ஆரம்பித்தது.

ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினால், பெயர் சொல்லாத இரண்டு நடுவர்கள் படித்துக் கருத்து எழுதுவார்கள். யார் என்று கேட்கவும் கூடாது, நான்தான் என்று சொல்லவும் கூடாது. டெஸ்மண்டின் பதினாலு கட்டுரைகளுக்கும் இரண்டாவது நடுவர் ஒரே ஆள்தான், நடையிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பக்கம் பக்கமாகத் திட்டு, அதெல்லாம்தான் இந்தக் கட்டு.

"நான்தான்னு எதை வச்சு முடிவு பண்ணீங்க?"

"இரட்டை நட்சத்திரம் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்க இந்த நாட்டுல நீங்களும் நானும்தான். நீங்க கடற்கரைக்குப் போற ஜனவரியில கடிதம் வந்ததே இல்ல. நீங்க இடுப்பு ஒடிஞ்சு படுத்திருந்த வருஷம் எட்டு மாசம் லேட்!"

மூன்று புள்ளி கிடைத்தால் போதும், கோடு இழுத்துவிடுவது வானியல்காரர்களுக்கு ஒரு வியாதி.

"இதை எழுதினவங்க மேல ரொம்பக் கோவமா?" கோரலி மெல்லக் கேட்டார்.

"கோவமா! நல்லா கேட்டீங்க போங்க. பொண்டாட்டி ஜூடித் என்னை விட்டுட்டுப் போய் பதினாறு வருஷமாச்சு. மகன் லண்டன்ல இருக்கான், கிறிஸ்துமஸுக்கு ஒரு போன். ராத்திரி பூரா தொலைநோக்கி, பகல் பூரா தூக்கம்னு கிடந்தவனுக்கு சிநேகிதம்னு யாரு இருப்பா? ஆனா இந்தக் கடிதம் வர்றப்பல்லாம், நான் போட்ட ஒவ்வொரு கணக்கையும் ஒருத்தர் உட்கார்ந்து திரும்பப் போட்டுப் பார்த்திருக்காங்கன்னு தோணும். என்னை வரி விடாம படிச்ச ஒரே மனுஷி நீங்கதான். அந்த நினைப்புலதான் இத்தனை வருஷத்தை ஓட்டினேன்."

கோரலி நிமிரவில்லை. தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

"பெர்த்துக்குப் போகாதீங்க, கோரலி. சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு டீ குடிக்க வாங்க. எதிர்ல உட்கார்ந்து திட்டுங்க, எனக்கு அது போதும்."  டெஸ்மண்ட் தனியாகச் செத்துப்போய்விடுவோமோ என்று பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

கோரலியின் கண் கலங்கிவிட்டது. டெஸ்மண்டின் கையைப் பற்றிக்கொண்டார். "டெஸ்மண்ட், நான்…"

சம்மதம் என்றே நினைத்தார் டெஸ்மண்ட். சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"முதல் நடுவர்னு இன்னொண்ணு இருக்கே, அது எப்படித் தெரியுமா? பதினாலு தடவையும் அச்சடிச்ச மாதிரி அதே ரெண்டு வரி. 'அருமையான கட்டுரை. அப்படியே வெளியிடலாம்.' ஒரு தடவை ஆறாம் பக்கத்தை விட்டுட்டு அனுப்பிட்டேன், அதுக்கும் அருமையாம்! பிரிச்சுக்கூடப் பார்க்காத கழுதை!"

கோரலி கையை விலக்கிக்கொண்டார். தாள்களை அடுக்கி, நாடாவைப் பழையபடி கட்டி, அவர் மடியில் வைத்தார்.

"அந்தக் கழுதை நான்தான், டெஸ்மண்ட்."